செத்த மாட்டைப் படித்தவர்கள்

மாட்டாஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனைக்கு ஒரு படிவம் உண்டு. மாட்டின் நிறம், கொம்பு, வயது, இன்சூரன்சுக்காகக் காதில் போட்ட வில்லையின் எண், செத்த நேரம், நுரையீரல் எப்படி, கல்லீரல் எப்படி, குடல் எப்படி, சாவுக்குக் காரணம் என்ன என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. அடியில் டாக்டர் கையெழுத்து. அறுத்தது யார் என்று எழுத மட்டும் இடம் கிடையாது.

என் பெரியப்பா இருபத்தாறு வருஷம் அறுத்தார். ஆற்காட்டுப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். காலையில் கதவைத் திறந்து கூட்டுவது, ஊசி சிரிஞ்சுகளைக் கொதிக்க வைப்பது, இரும்புக் கூண்டுக்குள் மாட்டை நிறுத்திக் கட்டுவது, மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பது, காயடிக்கக் காளையைச் சாய்ப்பது எல்லாம் அவர் வேலை. செத்த மாடு வந்தால் கத்தி.

"டாக்டரு வேப்பமரத்து நெழல்ல நின்னுக்கினு எழுதுவாரு. நான் அறுத்துக்கினே சொல்லிக்கினு வருவேன். நுரையீரல்ல சீழு சார். ஈரல்ல தட்டப்புழு சார். கடசீல காரணத்த மட்டும் அவரு இங்கிலீசுல போட்டுக்குவாரு."

கால்நடை மருத்துவத்துக்கு இந்த நாட்டில் எழுதப்பட்டிருக்கிற வரலாறும் இந்தப் படிவம் மாதிரிதான் இருக்கிறது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது மாட்டு வாகடம் என்று ஒரு சுவடி வகை இருப்பதைச் சொல்லிக் கொடுத்தார்கள். மாட்டின் சுழி, நோய், பச்சிலை எல்லாம் அதில் வரும். ஆனால் மாட்டின் பிணத்தைத் தொட்டாலே தீட்டு என்று வைத்திருந்த சமூகத்தில், மாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர்கள் யார்? எந்த நோயில் குடல் எப்படிக் கறுக்கும், எந்த நோயில் மண்ணீரல் வீங்கும், எந்த மாட்டின் கறியை வாயில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் சேரிக்குத்தான் தெரியும். பசியில் கற்ற பாடம் அது. தப்பாகப் படித்தவன் உயிரோடு இருக்க முடியாது. அதற்குச் சுவடி கிடையாது.

அரசாங்க ஏட்டில் நம்மவர்கள் எப்போது ஏறினார்கள் என்று தேடினால், குற்றவாளிகளாகத்தான் ஏறியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் நியமித்த மாட்டுக் கொள்ளைநோய் விசாரணைக் கமிஷனின் அறிக்கை கல்கத்தாவில் 1871இல் வெளிவந்தது. ஹாலன் என்கிற ராணுவக் கால்நடை மருத்துவர் தலைமையில் நடந்த விசாரணை. மாடுகள் கொத்துக்கொத்தாகச் சாவதற்குப் பெரிய காரணம் வெக்கை நோய். அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் பேசப்படுகிறது: வடநாட்டுச் சமார்கள் தோலுக்காக மாட்டுக்குப் பாஷாணம் வைக்கிறார்கள் என்கிற குற்றச்சாட்டு. கங்கைச் சமவெளி ஜில்லாக்களில் போலீசும் மாஜிஸ்திரேட்டுகளும் அந்தச் சந்தேகத்தின் பேரில் சமார்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. குற்றப் பரம்பரைச் சட்டம் வந்ததும் அதே 1871தான்.

பாஷாணம் தின்ற மாட்டுக்கும் வயிறு கழியும், வெக்கை கண்ட மாட்டுக்கும் வயிறு கழியும். இரண்டிலும் குடல் வெந்துபோகும். வெளியே நின்று பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். விஷம் வைத்தவர்கள் ஒருத்தர்கூட இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் கொள்ளைநோயில் செத்த மாட்டுக்கும் பழி சுமக்க ஒரு சாதி தயாராக இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். எங்கள் ஊரிலும் அடுத்தடுத்து மாடு விழுந்தால் முதல் பார்வை சேரிப் பக்கம்தான் திரும்பும் என்று பாட்டி சொல்லுவாள்.

இதில் ஒரு வேடிக்கை. அதே காலத்தில் சென்னை ராஜதானியிலிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. பல்லாவரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் எல்லாம் தோலில் பிழைத்த ஊர்கள். தோல் வியாபாரம் செய்தவர்கள் மேல் விஷச் சந்தேகம் அவ்வளவாக விழவில்லை. உரித்தவன் மேல் விழுந்தது.

1903இல் சைதாப்பேட்டை டாபின் ஹாலில் 20 மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பமானது. அப்புறம் வேப்பேரிக்குப் போனது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நாட்டிலேயே முதலாவதாகக் கால்நடை மருத்துவப் பட்டம் கொடுத்தது. 1932இல் ராணிப்பேட்டையில் வெக்கைக்குச் சீரம் தயாரிக்கும் நிறுவனம் வந்தது. இவையெல்லாம் ஆண்டுமலர்களில் கிடைக்கும். கல்லூரி வந்தபோது, செத்த மாட்டைத் திறப்பது அறிவியல் ஆனது. அதுவரை அது இழிதொழில். கத்தியை மட்டும் பழைய கையே பிடித்துக்கொண்டது.

இதைப் பெருமையாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. நம்ம தோழர்களில் சிலர் தோல், பறை, கறி எல்லாவற்றையும் ‘நம் அறிவு மரபு’ என்று மேடையில் கொண்டாடுகிறார்கள். அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாடில் கூடிய மக்களிடம் செத்த மாட்டை இழுப்பதையும் அதன் கறியைத் தின்பதையும் விடச் சொன்னார். அறிவு மரபு என்று அவருக்குத் தெரியாமலா சொன்னார்? அந்த அறிவுக்கு ஊர் கொடுத்த கூலி என்ன என்று தெரிந்ததால் சொன்னார்.

எங்கள் சேரியிலும் விட்டார்கள். பெரியப்பாவுக்கு மீசை முளைக்காத காலம். இளைஞர்கள் கூடி, இனிமேல் செத்த மாடு தூக்குவதில்லை, சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் நடவுக்குக் கூப்பிடவில்லை. கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணி காட்டவிடவில்லை. ஒரு எருமை பெரிய வீட்டுக் களத்தில் மூன்று நாள் நாறிக் கிடந்தது. கடைசியில் அவர்களே வண்டி கட்டி இழுத்துப் போனார்கள். சேரியே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்ததாம். பெரியப்பா அதைச் சொல்லும்போது இன்றைக்கும் சிரிப்பார்.

2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு சுரேந்திரநகரில் நம் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுவந்து கலெக்டர் ஆபீஸ் முன்னால் போட்டார்கள். பசு உங்கள் தாய் என்றால் நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்றார்கள். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டுப் பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க எருமையும் இப்படித்தான்டா கெடந்துது" என்றார்.

அப்படி விட்ட கைக்குத்தான் சர்க்கார் மறுபடியும் கத்தி கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே ஒரு பசுமாடு. ஊருக்குத் தூக்க மாட்டேன் என்றவர் ஆஸ்பத்திரி பின்புறத்தில் குந்தி அறுத்தார். ஏன் செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஒண்ணாந்தேதி சம்பளம்டா. கையெழுத்துப் போட்டு வாங்குனேன். அங்க தோலும் ரெண்டு படி கேவுரும். ரெண்டும் ஒண்ணா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணுதான், ஆனா ஒண்ணு இல்ல" என்றார். இதைவிடத் தெளிவாக எனக்கும் எழுத வரவில்லை. உதவியாளர் வேலைக்கு நம்மவர்களைத்தான் தேடுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலை கிடைத்ததும் உண்மை, ஏன் கிடைத்தது என்பதும் உண்மை.

ஒருமுறை ஒரு மாடு திடீரென்று விழுந்து செத்தது. வயிறு உப்பி, மூக்கிலும் பின்புறத்திலும் தார் மாதிரி ரத்தம். புதிதாக வந்த டாக்டர் அறுக்கச் சொன்னார். பெரியப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ரத்தம் ஒறையல சார். இது அடைப்பான். தொறக்கக் கூடாது." அடைப்பான் கிருமி காற்றுப் பட்டால் வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மனிதருக்கும் வரும். உரித்த கையில் கறுப்புப் பொருக்காகக் கிளம்பும். அந்தப் பொருக்கோடு செத்த ஒருவரைப் பெரியப்பா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அடைப்பான்தான். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். குழி வெட்டியது யார் என்று சொல்ல வேண்டுமா? தக்க சமயத்தில் கண்டுபிடித்ததாகப் பாராட்டு டாக்டருக்கு வந்தது. நல்ல மனிதர், பெரியப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். ஃபைலில் பெயர் ஏறவில்லை.

அவருக்குப் பின்னால் வந்த டாக்டர் நம்மாள். படித்து, இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். ஒரு மாதம் ஊர் அவரை ‘எந்த ஊரு சார், எந்தத் தெரு சார்’ என்று சுற்றிச் சுற்றிக் கேட்டது. தெரிந்த பிறகும் மாட்டுக்குச் சினை ஊசி போட அவரைத்தான் கூப்பிட வேண்டும், வேறு வழியில்லை. ராத்திரி கன்று போட முடியாமல் ஒரு பசு தவித்தபோது, கொட்டகையில் மண்டி போட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தார். பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. கை கழுவச் சொம்பைத் தூக்கி உயரத்திலிருந்து ஊற்றினார்கள். முன்பிருந்த டாக்டருக்குச் சொம்பையே கையில் கொடுத்து, தோளில் துண்டும் போடுவார்கள். பெரியப்பாவுக்கு இரண்டும் தெரியும். பசுவின் வயிற்றுக்குள் போகலாம், பித்தளையில் படக்கூடாது. திரும்பி வரும் வழியில் டாக்டர் ஒன்றும் பேசவில்லையாம். "நானும் பேசல. பேசி இன்னா ஆவுது?"

இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995இல், நம் தமிழ்நாட்டில்தான். 1954 முதலே ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர் ஒருவர் என்றால் கொம்பைப் பிடித்தவர்கள் மூன்று பேர். முட்டு வாங்காத விலா பெரியப்பாவுக்குக் கிடையாது. 2006இல் இந்தியா வெக்கை அற்ற நாடு என்று அறிவித்தார்கள். 2011இல் உலகத்திலேயே அந்த நோய் ஒழிந்தது என்றார்கள். மனிதன் முழுக்க ஒழித்த நோய்கள் இரண்டுதான், பெரியம்மையும் வெக்கையும். பேப்பரில் வந்த இரண்டு வரிச் செய்தியை வாசித்துக் காட்டினேன். "அப்ப அந்தக் கொடல இனிமே யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். வெக்கையில் செத்த மாட்டின் பெருங்குடலில் புலிமேல் இருக்கிற மாதிரி கோடு கோடாக ரத்தம் கட்டியிருக்குமாம். "அந்தக் கோட்டப் பாத்தா போதும், வேற எதையும் பாக்க வேணாம்."

இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று முடிந்து இரண்டாவது ஓடுகிறது. வரிசை தப்பினால் கோபித்துக்கொள்கிறார். "மொதல்ல வெளிய பாரு. கண்ணு, மூக்கு, வாயி, பீத்தொள. ரத்தம் ஒறஞ்சிருக்குதா பாரு. அப்பாலதான் கத்தி. எழுதிட்டியா?"