கேசரிப் பருப்பு: சோதனைக் குழாய் கண்டதும் காணாததும்

தில்லியின் புசா ரோடு என்னும் பெயர் பீகாரிலிருந்து வந்தது. அங்குள்ள புசா என்னும் சிற்றூரில் 1905இல் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1936இல் அது தில்லிக்குப் பெயர்ந்தபோது ஊர்ப்பெயரும் உடன் வந்தது. அந்நிலையம் பின்னாளில் எதிர்கொண்ட சிக்கல்களுள் ஒன்று கேசரிப் பருப்பு.

மழை பொய்த்தாலும் விளையும் பயிர் அது. பஞ்சத்தில் அதையே முதன்மை உணவாக மாதக்கணக்கில் உண்டோர் பலருக்குக் கால்கள் மீளாது முடங்கின. 19ஆம் நூற்றாண்டிலேயே சாகர்ப் பகுதியில் ஸ்லீமன் இதனைப் பதிவுசெய்தார். ரேவா வட்டாரத்தில் நிலமற்ற உழவர்க்கு இப்பருப்பே கூலியாக அளக்கப்பட்டது.

அயோடின் கரைசல் இதில் நீலக்கருமை காட்டும்: மாவுச்சத்து உண்டு. பையூரெட் சோதனை ஊதா காட்டும்: புரதம் உண்டு. இரண்டும் இதனை நல்லுணவு என்றே சான்றளிக்கும். நஞ்சோ புரதத்தில் சேராத தனி அமினோ அமிலம். நின்ஹைட்ரின் அதனோடு நிறம் தரும். ஆனால் தீங்கற்ற பிற அமினோ அமிலங்களோடும் தரும். ஆகவே முதலில் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 1964இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா ஆகியோரும், தில்லியில் மூர்த்தி, குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி, வெங்கிடசுப்பிரமணியன் ஆகியோரும் அந்நஞ்சை இனங்கண்டு அறிவித்தனர். அதுவே இன்று ஓடாப் எனப்படுகிறது.

விற்பனைத் தடையோ 1961இலேயே வந்துவிட்டது. மூலக்கூறு அறியப்படாத நிலையில் சட்டம் விதையைத் தடுத்தது. துவரம் பருப்பிலோ கடலை மாவிலோ கலப்படத்தைக் கண்டறியும் சோதனையும் விதையையே தேடுகிறது: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துச் சூடேற்றினால் இளஞ்சிவப்புத் தோன்றும். அந்நிறம் ஓடாப்பினுடையது அன்று. நஞ்சின் அளவை அது சொல்லாது.

புசா அறிஞர்கள் மூலக்கூற்றின் வழியே சென்றனர். விதைகளின் நச்சளவை ஒப்பிட்டு, குறைந்த அளவுள்ள புசா-24 வகையை 1970களில் அளித்தனர். ஆயினும் மண்ணும் வறட்சியும் அவ்வளவை மாற்றவல்லவை. 1978இல் ராவ் வகுத்த நிறமானிச் சோதனை, ஏராளமான விதைகளை விரைந்து அளக்க வழி செய்தது.

எனவே இவ்வரலாற்றைக் கண்டுபிடிப்பின் வெற்றியாக மட்டும் படிப்பது பொருந்தாது. விற்பனைத் தடையின் பாதுகாப்பு சந்தையில் வாங்குவோர்க்கு உரியது. பருப்பைக் கூலியாகப் பெற்றவர் எதையும் வாங்கவில்லை. மறுத்தால் அவருக்கு வேறு உணவும் இல்லை. உணவில் என்ன உள்ளது என்பதை வேதியியல் சொல்லும். அதனை ஒருவர் ஏன் நாள்தோறும் உண்ண நேர்ந்தது என்பதைக் கூலிக் கணக்குதான் சொல்லும்.