பிரதியும் தொலைவும்: உள்ளடக்க விநியோக வலைப்பின்னல்களின் வளர்ச்சியும் தமிழ் மின்னூல்களும்

முன்னுரை

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகருக்கு வடக்கே, 75ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ரிச்சர்ட்சன், பிளேனோ, ஆலன் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நெருங்கி அமைந்தமையால் ரிச்சர்ட்சன் பகுதி ‘தொலைத்தொடர்பு வழித்தடம்’ எனப் பெயர் பெற்றது. கணினித் துறையையும் தொலைத்தொடர்புத் துறையையும் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வூர்களில் குடியேறின. ஆலனில் வாழும் தமிழர் ஒருவர், சென்னையில் அன்று வெளியான திரைப்பாடலை நொடிப்பொழுதில் கேட்டுவிடுகிறார். அதே கணினியில், அரிதாக எவரேனும் தேடும் பழைய சிற்றிலக்கியம் ஒன்றின் மின்வருடிய பக்கங்களைத் திறக்க முனைந்தால் அவர் காத்திருக்க நேர்கிறது. இரண்டும் ஒரே கம்பி வழியாகவே வருகின்றன. பாடலின் பிரதி அவர் ஊருக்கு அருகில் வைக்கப்பட்டிருக்கிறது. நூலின் பிரதி அவ்வாறு வைக்கப்படவில்லை. பிரதிகளைப் பயனருக்கு அருகில் கொண்டுவந்து வைக்கும் உள்ளடக்க விநியோக வலைப்பின்னல்கள் அமெரிக்காவில் தோன்றிச் சென்னைக் கரையை அடைந்த வரலாற்றையும், தமிழ் நூல்களின் இருப்புக்கு அவை தருவனவற்றையும் தராதனவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொலைவின் கணக்கு

ஒளியிழையினூடே ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். டாலஸுக்கும் சென்னைக்கும் இடையிலான நேர்தொலைவு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். எனவே ஒரு வேண்டுகோள் சென்று விடை திரும்புவதற்கு, இடையில் எத்தடையும் இல்லை எனினும், 150 மில்லிநொடி தேவைப்படும். கடலடிக் கம்பிவடங்கள் நேர்கோட்டில் செல்வதில்லையாதலின் உண்மையான தாமதம் இதனினும் மிகுதி. ஒரு வலைப்பக்கம் திறப்பதற்கு இத்தகைய பயணங்கள் பல நிகழவேண்டும். கம்பியின் கொள்ளளவைப் பெருக்கினாலும் இத்தாமதம் குறையாது. தொலைவைக் குறைப்பது ஒன்றே வழி.

தாய்மண்ணின் குரலைத் தொலைவிலிருந்து கேட்கும் வேட்கை இணைய ஒலிபரப்பின் தொடக்கத்திலேயே இருந்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களான மார்க் கியூபனும் டாட் வாக்னரும் தம் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் போட்டிகளின் வருணனையை டாலஸிலிருந்து கேட்க விரும்பினர். அவ்விருப்பம் 1995இல் ‘ஆடியோநெட்’ நிறுவனமாக வளர்ந்தது. பின்னர் ‘பிராட்காஸ்ட்.காம்’ எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை 1999இல் யாகூ 570 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. ஓரிடத்தில் உள்ள வழங்கிகளை நோக்கிப் பல்லாயிரவர் ஒரே வேளையில் வருவதால் எழும் நெரிசல் அக்காலத்திலேயே வெளிப்பட்டது.

1998: மூன்று தொடக்கங்கள்

இந்நெரிசலுக்கான தீர்வு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாயிற்று. வையவிரிவு வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, 1995ஆம் ஆண்டளவில் வரவிருந்த நெரிசலை அங்குள்ள அறிஞர்களிடம் ஒரு சிக்கலாக முன்வைத்தார். டாம் லெய்ட்டன், டேனியல் லெவின் உள்ளிட்டோர் 1997இல் வெளியிட்ட ஆய்வுரை, எந்தப் பிரதியை எந்த வழங்கியில் வைப்பது என்பதனை, வழங்கிகள் கூடினாலும் குறைந்தாலும் பெரிதும் குலையாதவாறு வகுக்கும் முறையைக் காட்டியது. அதன் அடிப்படையில் 1998இல் அக்காமை நிறுவனம் தோன்றியது. லெவின் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட வானூர்தியில் உயிரிழந்தார். அன்று உலக மக்கள் செய்தித் தளங்களை நோக்கித் திரண்டபோது, அவர் உருவாக்கிய வலைப்பின்னலே அச்சுமையின் பெரும்பகுதியைத் தாங்க உதவியது.

அதே 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில், பல நாடுகளில் பரவியிருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்பு நோக்கி, விலையின்றி வழங்கினர். கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் கலிபோர்னியாத் தமிழ்க் கழகம் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. ஒன்று வணிக நிறுவனம். மற்றவை தொண்டர் முயற்சிகள். எனினும் தொலைவிலுள்ளோர்க்கு அருகில் ஒரு பிரதியை வைப்பது என்பதே மூன்றுக்கும் பொதுவான நோக்கமாகும். 

சென்னைக் கரையின் மாற்றம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் தொடங்கியது. 1998இல் தனியாருக்கு வழி திறக்கப்பட்டபோது சென்னையைச் சார்ந்த சத்யம் இன்போவே களமிறங்கியது. அந்நிறுவனமும் அக்காமையும் 1999 அக்டோபர் என்னும் ஒரே மாதத்தில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றன. எனினும் பிரதிகளை வைப்பதற்கேற்ற நிலமாகச் சென்னை அப்போது இல்லை. உள்நாட்டு நிறுவனங்கள் இரண்டுக்கிடையே செல்லவேண்டிய தரவுகூட வெளிநாடு சென்று திரும்பும் நிலை இருந்தது. சென்னையிலிருந்து கோவைக்கு எழுதிய மடல் அமெரிக்கா சென்று வருவதற்கு இது ஒப்பாகும்.

இந்நிலை மூன்று படிகளில் மாறியது. முதலாவது கம்பிவடம். 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீள ஐ2ஐ வடமும், 2004இல் டாட்டா நிறுவனத்தின் வடமும், 2005இல் சீ-மீ-வி 4 வடமும் சென்னையை இந்தியாவின் முதன்மை இணைய வாயில்களுள் ஒன்றாக்கின. இரண்டாவது இணைப்பகம். 2003இல் நிறுவப்பெற்ற இந்தியத் தேசிய இணைய இணைப்பகம் சென்னை உள்ளிட்ட நகரங்களில் உள்நாட்டுத் தரவை உள்நாட்டிலேயே பரிமாற வழிசெய்தது. மூன்றாவது தேவை. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் கைப்பேசித் தரவின் விலை பெரிதும் வீழ்ந்தது. பயனர் தொகை பெருகியது.

மேகக் கணிமை நிறுவனங்கள் இப்படிகளை ஒட்டியே வந்தன. அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் சேவை 2008இல் தொடங்கப்பெற்றாலும், அதன் விளிம்பு வழங்கிகள் மும்பையிலும் சென்னையிலும் அமைந்தது 2013இலேயே. சான்பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட கிளவுட்ஃபிளேர் 2015இல் மும்பை, சென்னை, புதுதில்லி ஆகிய நகரங்களுக்கு வந்தது. விரிகுடாப் பகுதியின் கூகுளும் நெட்ஃபிளிக்சும் தம் சேமிப்புக் கருவிகளை இணையச் சேவை நிறுவனங்களின் வளாகங்களுக்குள்ளேயே வைக்கும் முறையைக் கையாண்டன. உள்ளூர்ப் பிரதியின் இன்றியமையாமையைத் தனியே விளக்கவேண்டியதில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்கு அருகே கடலடி வடங்கள் அறுந்தபோது, இந்தியாவின் மேற்கு நோக்கிய இணையப் போக்குவரத்து பெரிதும் பாதிக்கப்பட்டது.

இவ்வளர்ச்சியை உந்தியது எது என்பதும் நோக்கத்தக்கது. 2019 மே 12 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ், மும்பை இந்தியன்ஸ் அணிகள் மோதிய ஐ.பி.எல். இறுதிப்போட்டியை ஹாட்ஸ்டார் தளத்தில் ஒரே வேளையில் 1.86 கோடிப் பேர் கண்டனர். விளிம்பு வழங்கிகள் இத்தகைய கூட்டத்திற்காகவே பெருகின. தமிழ்த் திரையும் விளையாட்டும் அமைத்த பாதையில் தமிழ் நூல்களும் பயணம் செய்கின்றன. அவற்றுக்கென எவரும் பாதை அமைக்கவில்லை.

தற்காலிகப் பிரதியும் நிலைத்த பிரதியும்

விளிம்பு வழங்கியின் இயல்பு இங்கு முதன்மை பெறுகிறது. ஒரு கோப்பினை முதலில் ஒருவர் கேட்கும்போது அது தொலைவிலுள்ள மூலத்திலிருந்து வருகிறது. அதன் பிரதி அருகில் தங்குகிறது. அடுத்து வருவோர் விரைந்து பெறுகின்றனர். குறித்த காலம் கடந்தாலோ, இடம் போதாமல் போனாலோ, குறைவாகக் கேட்கப்படும் பிரதி நீக்கப்படுகிறது. ஆலன் பகுதியில் ஒரு நூலை ஆண்டுக்கு இருவர் மட்டுமே கேட்பராயின், அவ்விருவரும் முதல் வாசகர்களே. முழுத் தொலைவின் தாமதத்தை இருவரும் ஏற்கவேண்டும். அரிய நூல் அரியதாக இருக்கும் காரணத்தாலேயே தொலைவில் நின்றுவிடுகிறது.

தாமதத்தினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மூல வழங்கி மறைந்தால் விளிம்புப் பிரதிகளும் விரைவில் மறையும். பிராட்காஸ்ட்.காமை வாங்கிய 1999ஆம் ஆண்டிலேயே ஜியோசிட்டீஸ் தளத்தையும் யாகூ வாங்கியது. பிராட்காஸ்ட்.காம் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. ஜியோசிட்டீஸின் அமெரிக்கச் சேவை 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தனிமனிதர்கள் அங்கு அமைத்திருந்த தமிழ்ப் பக்கங்களும் அதனோடு போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவேயில்லை. ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் திரட்ட 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்திற்கு அவ்விழப்பின் நினைவும் பின்புலமாயிற்று.

பல பிரதிகள் இருப்பதும், அவை ஒன்றையொன்று சாராதிருப்பதும் வெவ்வேறு செய்திகள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு குடும்பங்களும் மடங்களும் காத்த ஏடுகளை ஒப்பிட்டார். ஓர் ஏட்டின் சிதைவை மற்றோர் ஏடு ஈடுசெய்தது. இதே கொள்கையில், விரிகுடாப் பகுதியின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய ‘லாக்ஸ்’ திட்டம் நூலகங்கள்தோறும் தனித்தனி மின்பிரதிகளை வைத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சிதைவைத் திருத்துகிறது. சான்பிரான்சிஸ்கோவில் 1996இல் நிறுவப்பெற்ற இணைய ஆவணக் காப்பகமும் பெருந்தொண்டாற்றுகிறது. எனினும் 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அதன் தளம் சில நாட்கள் முடங்கியது. எத்துணைப் பெரிய காப்பகமாயினும் அஃது ஒன்றாகவே இருத்தல் போதாது என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

1995 முதல் இன்றுவரையான காலத்தில் சென்னைக்கும் டாலஸுக்கும் இடையிலான தொலைவு, பெரும்பாலோர் விரும்புவன பொறுத்தவரை ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. இதன் நன்மை பெரிது. ஆலன், எடிசன், கூப்பர்ட்டினோ ஆகிய ஊர்களில் வளரும் குழந்தைகள் தமிழைக் கேட்கவும் படிக்கவும் இவ்வலைப்பின்னல்கள் துணைநிற்கின்றன. ஆயினும் விநியோகம் பாதுகாப்பாகாது. தமிழ் மின்னூல்களைத் திரட்டும் ஆய்வு நூலகங்கள் இணைப்பு முகவரியை மட்டும் பட்டியலிடாது, முழுக் கோப்பினையும் தம்மிடம் வைத்தல் வேண்டும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், வட அமெரிக்கா என வெவ்வேறு நிலங்களில், வெவ்வேறு நிறுவனங்களின் பொறுப்பில் உள்ள பிரதிகளைக் காலந்தோறும் ஒப்பிடல் வேண்டும். அடிக்கடி கேட்கப்படும் நூலை வலைப்பின்னல் சுமந்து செல்லும். எவரும் கேளாத நாட்களில் ஒரு நூலைக் காத்துவைக்கும் கடமை நூலகத்தினுடையது.