பக்கத்தை வகுக்கும் உரிமை

மரக்காணம் உப்பளங்களில் உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தி கட்டியாக வேண்டும். உவர்நீரை எந்த வாய்க்கால் வழியாகக் கொண்டுவருவது, எந்தப் பாத்தியில் தேக்கி வெயிலில் காயவிடுவது, கெட்டியான நீரை எந்தப் பாத்திக்கு மாற்றுவது, எந்தத் தரையை மிதித்து இறுக்குவது என்று எல்லாவற்றையும் முதலிலேயே வகுத்துவிடுகிறார்கள். பிறகு உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பது பெரும்பாலும் ஆண்களின் வேலை. அதைத் தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவது பெண்களின் வேலை. ஒரு நாளில் அந்த வரப்புகளின் மேல் அதிகம் நடப்பவர்கள் பெண்கள்தான். ஆனால் வரப்பு எங்கே ஓட வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கடற்கரையில் வளர்ந்தவள் நான். பெண்களுக்கான பழைய இதழ்களைப் புரட்டும்போதும் எனக்கு இதே கேள்விதான் எழுகிறது: இந்தப் பக்கத்தில் யார் எழுதினார்கள் என்பது இருக்கட்டும், பக்கத்தை வகுத்தவர் யார்?

கையெழுத்துப் பத்திரிகை தொடங்க விரும்பும் மாணவிகள் சிலர் என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. அவர்கள் முதலில் கேட்பது, அட்டை என்ன நிறத்தில் இருக்கலாம், தலைப்பை எங்கே எழுதலாம், படம் போடலாமா, பெயரை மேலே போடுவதா கீழே போடுவதா என்பதைத்தான். பெரியவர்கள் சிரிப்பார்கள். "முதலில் நாலு நல்ல கட்டுரை எழுதுங்கள், அலங்காரத்தை அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அந்த மாணவிகள் சரியான இடத்தில்தான் தொடங்குகிறார்கள் என்பது என் எண்ணம். பக்கத்தின் அமைப்பை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. யார் முதலில் பேசுவது, யார் பெயர் பெரிதாகத் தெரிவது, யாருக்குக் கடைசிப் பக்கம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. தமிழில் பெண்கள் நடத்திய இதழ்களின் வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்தும் படிக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழில் பெண்களுக்கென்று இதழ்கள் வரத் தொடங்கிவிட்டன. 1905இல் சென்னையில் 'சக்ரவர்த்தினி' தொடங்கியபோது அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர் பாரதியார். பெண்களின் முன்னேற்றமே அதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கட்டுரை முதலில் வர வேண்டும், எது பெண்களுக்குத் தேவையானது என்று தீர்மானித்த கை ஓர் ஆணின் கை. பெண்கள் அங்கே வாசகர்கள், சில சமயம் எழுதுபவர்கள்.

பக்கத்தின் வலிமை பாரதியாருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவர் பின்னர் நடத்திய 'இந்தியா' வார இதழில் கேலிச்சித்திரங்களுக்கு முதன்மையான இடம் தந்தார். படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து அரசியலைப் புரிந்துகொள்ளலாம். கைது செய்யப்படும் அபாயத்தால் 1908இல் அவர் புதுச்சேரிக்குச் சென்றார், இதழும் அங்கே இடம்பெயர்ந்தது. மரக்காணத்திலிருந்து தெற்கே சில மணி நேர வண்டிப்பயணத் தொலைவில், பிரெஞ்சு ஆட்சியின் நிழலில், அந்தப் படங்கள் அச்சாகின. ஒரு படத்தை எங்கே வைக்கிறோம் என்பது அரசியல் என்று ஆண்கள் நடத்திய இதழ்கள் அன்றே அறிந்திருந்தன. அந்த அறிவு பெண்கள் கைக்கு வந்தது எப்போது?

இங்கேதான் வை. மு. கோதைநாயகி வருகிறார். 1901இல் பிறந்த அவருக்கு ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்லத் தெரியும், சரளமாக எழுதத் தெரியாது. அவருடைய முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அது 1924இல் வந்தது. அடுத்த ஆண்டே அவர் 'ஜகன்மோகினி' என்ற மாத இதழைத் தம் பொறுப்பில் ஏற்றார். நேற்றுவரை இன்னொருத்தியின் கையால் எழுதிய பெண், இன்று ஓர் இதழின் ஆசிரியர். கற்றுக்கொண்டு முடித்த பிறகு தொடங்கவில்லை. தொடங்கிவிட்டு, நடத்திக்கொண்டே கற்றுக்கொண்டார்.

அந்த இதழை அவர் ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். அவருடைய 115 நாவல்களில் பல அதில்தான் தொடராக வந்தன. மாதந்தோறும் சந்தாதாரர் இதழுக்காகக் காத்திருப்பது அந்தத் தொடருக்காக. ஆகவே இதழின் மையத்தில் எதை வைப்பது என்பதை அவர் வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழந்தை மணம், வரதட்சணை, கணவனை இழந்தவளின் நிலை ஆகியவை உபதேசக் கட்டுரைகளாக ஓரத்தில் நிற்காமல் கதையாக நடுப்பக்கங்களுக்கு வந்தன. பின்னாளில் அவர் சொந்தமாக அச்சகமும் வைத்தார். அச்சகம் கையில் இருந்தால்தான் பக்கம் முழுதாகக் கையில் இருக்கும் என்பது அன்றைய இதழ்க்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த பாடம்.

ஏனென்றால் ஈய எழுத்துக் காலத்தில் ஒரு பக்கத்தை மாற்றுவது எளிதல்ல. அச்சுக் கோப்பவர் பெட்டியின் அறைகளிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குவார். வரிகளுக்கு நடுவே தகடு வைத்து இடைவெளி விடுவார். பக்கத்தைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, புரூஃப் எடுப்பார். படம் வேண்டுமென்றால் தனியாக பிளாக் செய்ய வேண்டும், அதற்குத் தனிச் செலவு. வெளி அச்சகத்தில் கொடுத்தால், தலைப்பை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்று சொல்வதற்கும் காசும் துணிச்சலும் வேண்டும். பெண்கள் அன்றைய அச்சகங்களில் இல்லாமல் இல்லை. தாளை மடித்து, தைத்து, ஒட்டும் இடத்தில் இருந்தார்கள். வரப்பின் மேல் சுமப்பவர்களைப் போல.

கோதைநாயகியின் பெயரையே கொஞ்சம் நின்று பார்க்கலாம். வாசகர்கள் அவரை வை.மு.கோ. என்று அழைத்தார்கள். இதில் முதல் இரண்டு எழுத்துகளும் கணவர் குடும்பத்தின் வைத்தமாநிதி, முடும்பை என்பவை. 'கோ' மட்டும்தான் அவருடையது. ஆசிரியர் என்ற இடத்தில் ஒரு பெண் பெயர் வந்தது பெரிய வெற்றி. அந்தப் பெயருக்குள்ளும் இட ஒதுக்கீடு இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவருடைய கணவர் பார்த்தசாரதி அவருக்குத் துணையாக நின்றவர், தடையாக அல்ல. அப்படியிருந்தும் பக்கத்தின் உச்சியில் குடும்பம் முதலிலும் பெண் அடுத்தும் வந்தார்கள்.

ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் போடுவதே போராட்டமாகும் தருணங்களும் உண்டு. 1936இல் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்ற இதழ் மு. மரகதவல்லியை ஆசிரியராகக் கொண்டு வந்தது. கைம்பெண்கள் சுப காரியங்களில் எதிரே வரக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட காலம் அது. உள்ளே ஒரு கட்டுரையில் மறுமணத்தை ஆதரித்து எழுதுவது ஒன்று. அதையே இதழின் பெயராக்கி, மேசைமேல் கிடந்தாலும் எல்லார் கண்ணிலும் படும்படி முகப்பில் அச்சிடுவது வேறொன்று. உள்ளடக்கம் பிரித்துப் படிப்பவருக்கு மட்டும் தெரியும், முகப்பு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தெரியும். 2002இல் குட்டி ரேவதியின் கவிதைத் தொகுப்பு 'முலைகள்' என்ற பெயரோடு வந்தபோது எழுந்த கூச்சலை இதன் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். தொகுப்பைத் திறக்காதவர்களும் அட்டையைப் படித்துவிட்டுக் கோபப்பட்டார்கள். பெண்ணுடலைப் படமாக அட்டையில் போட்டு விற்கும் பத்திரிகைகள் அந்தக் கூச்சலுக்குச் சில காலம் முன்பும் இருந்தன, பின்பும் இருந்தன. பெண் தன் உடலைச் சொல்லாக அட்டையில் வைத்ததுதான் தாங்க முடியாததாயிற்று.

எழுத்தின் வடிவமும் பக்க அமைப்பின் ஒரு பகுதிதான். 1935இல் பெரியார் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். ணா, றா, னா, ணை, லை போன்றவற்றுக்கு இருந்த தனி உருவங்களை நீக்கி, மற்ற எழுத்துகளைப் போலவே கால் போட்டும், இரட்டைச் சுழி போட்டும் அச்சிட்டார். கற்பவருக்கும் அச்சுக் கோப்பவருக்கும் சுமை குறையும் என்பது அவர் வாதம். தமிழக அரசு அதை ஏற்க 1978 வரை ஆயிற்று. எழுத்தறிவு யாருக்குக் கடைசியாக வந்து சேர்ந்ததோ, அந்தப் பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

பக்கத்தை வகுப்பதில் பணத்தின் கையும் உண்டு. அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய 'மிஸ்' என்ற பெண்ணிய இதழ், 1990இல் விளம்பரமே இல்லாமல் வரத் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான குளோரியா ஸ்டைனம் காரணத்தை வெளிப்படையாக எழுதினார். அழகுப் பொருள் விற்பவர்கள், தங்கள் விளம்பரத்துக்குப் பக்கத்தில் அழகுக் குறிப்புக் கட்டுரை இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அதாவது விளம்பரதாரர் தம் பக்கத்தை மட்டும் வாங்கவில்லை, எதிர்ப் பக்கத்தையும் சேர்த்து வாங்கினார். நம் பெண்கள் பத்திரிகைகளில் சமையல் குறிப்பும் கோலமும் அழகுக் குறிப்பும் ஏன் இவ்வளவு இடம் பிடித்தன என்று கேட்கும் மாணவிகளிடம், அவற்றின் பக்கத்திலிருக்கும் விளம்பரங்களைப் பாருங்கள் என்று சொல்வேன்.

இதற்கு மாற்றாகத்தான் சிற்றிதழ்கள் வந்தன. புதுச்சேரியிலிருந்து மாலதி மைத்ரி 'அணங்கு' இதழை நடத்தினார், குட்டி ரேவதி 'பனிக்குடம்' நடத்தினார். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 'பெண்' என்ற பெயரிலேயே இதழ் வெளியிட்டது. இவற்றுக்குக் கைக்காசும் நண்பர்களின் உதவியும்தான் முதல். தாள் மட்டமாக இருக்கலாம், பக்கங்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் எந்த எதிர்ப் பக்கமும் முன்கூட்டியே விற்கப்படவில்லை.

எழுத்து மட்டும் போதாது, படமும் குரலும் சேர வேண்டும் என்று உணர்ந்தவர்களில் அம்பை முக்கியமானவர். 1988இல் மும்பையில் அவர் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம் பெண்களின் புகைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறது. படம் இல்லாத இடத்தில் பக்கத்தை வகுப்பவர் என்ன செய்ய முடியும்? உப்புச் சத்தியாகிரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றவர் ருக்மிணி லட்சுமிபதி. உப்புச் சத்தியாகிரகத்துக்காகச் சிறை சென்ற முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தப் போராட்டம் பற்றிய பக்கங்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி. அந்த உப்பை நூற்றாண்டுகளாகச் சுமந்த பெண்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

ஆகவே பத்திரிகை தொடங்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். நிறம் பற்றிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். அதோடு இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். உங்கள் பெயருக்கு முன்னால் யாருடைய எழுத்து நிற்கிறது? எழுத்தின் அளவு உங்கள் அம்மா கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி இருக்கிறதா? படம் போட்டால் அதில் வேலை செய்யும் பெண்ணின் முகம் தெரிகிறதா, தலைச்சுமை மட்டும் தெரிகிறதா? படத்துக்குக் கீழே அவள் பெயர் இருக்கிறதா? ஓரத்தில் தள்ளிய செய்தி எது, ஏன் தள்ளினீர்கள்? இதழை மடித்துத் தைப்பவர் யார், அவர் பெயரை எங்காவது போட்டிருக்கிறீர்களா? முதல் இதழில் எல்லாம் சரியாக அமையாது. அடுத்த இதழில் மாற்றுங்கள். கோதைநாயகி அப்படித்தான் கற்றார், மாதத்துக்கு ஓர் இதழாக.