பி.எஸ்.ஏ.டி. அறிவிப்புக்கு ஓர் உரை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்வியாண்டு தொடங்கியதும் வீடு தேடி வரும் பி.எஸ்.ஏ.டி. (கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் முன்னோட்டத் தேர்வு) அறிவிப்பு பெரும்பாலும் நாலைந்து வரிதான். அங்கேயே படித்து வளர்ந்த பெற்றோருக்கு அது போதும். புதிதாகக் குடியேறிய நம் குடும்பங்களுக்குப் போதாது. அவர்களுக்காக, வழக்கமான அறிவிப்பு ஒன்றின் மாதிரி வாசகத்தை எடுத்துக்கொண்டு உரை எழுதுகிறேன்.

"அக்டோபர் தேர்வுக்குப் பள்ளியில் பெயர் கொடுக்கவும்."

எஸ்.ஏ.டி.க்கு, இரு தேர்வுகளையும் நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் இணையதளத்தில் மாணவரே பதிவு செய்துகொள்ளலாம். பி.எஸ்.ஏ.டி.க்கு அந்த வழி இல்லை, பள்ளி மூலமாகத்தான். கடைசித் தேதியும் பள்ளிக்குப் பள்ளி மாறும். கட்டணத்தைச் சில இடங்களில் பள்ளியே ஏற்கும். வருமானம் குறைந்த வீட்டு 11ஆம் வகுப்பு மாணவருக்கு விலக்கு உண்டு. பள்ளிக் கவுன்சலரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளும் அருகிலுள்ள பள்ளி ஒன்றை முன்கூட்டியே அணுக வேண்டும்.

"10, 11ஆம் வகுப்பு மாணவர்கள் எழுதலாம்."

முக்கியமான செய்தி இந்த வரியில்தான் மறைந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் எழுதுவது பழகிப் பார்க்க. பதினொன்றில் எழுதுவதோ, 1955இல் நிறுவப்பட்ட நேஷனல் மெரிட் அமைப்பின் உதவித்தொகைப் போட்டிக்கு நுழைவாயில்.

வாசிப்பு-எழுத்து, கணிதம் என்ற இரு பகுதிகளுக்கும் சேர்த்து மொத்த மதிப்பெண் 320 முதல் 1520 வரை. போட்டிக்கு அதை அப்படியே பார்ப்பதில்லை. வாசிப்பு-எழுத்து மதிப்பெண்ணை இரட்டித்து, கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுக்கிறார்கள். இரண்டு மாணவர்கள் 1440 பெற்றதாகக் கொள்வோம். வாசிப்பு-எழுத்தில் 680, கணிதத்தில் 760 எடுத்தவருக்கு 212. மதிப்பெண்கள் இடம் மாறியிருந்தால் 220. தகுதிக் கோடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். எங்கே இருந்தாலும் எட்டுப் புள்ளி பெரிய இடைவெளி. கணித டியூஷனுக்கு மட்டும் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வாசிப்புப் பழக்கம் ஒரு மாதத்தில் வந்துவிடாது. அதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே விதை போட வேண்டும்.

"ப்ளூபுக் செயலியுடன், சார்ஜ் ஏற்றிய கணினியைக் கொண்டு வரவும்."

2023 முதல் தேர்வு கணினியில், இந்தச் செயலி வழியாகத்தான். 2 மணி 14 நிமிடத்தில் வாசிப்பு-எழுத்தில் 54, கணிதத்தில் 44 கேள்விகள். ஒவ்வொரு பகுதியும் இரண்டு கூறுகளாக வரும். முதல் கூற்றில் எப்படிச் செய்தோமோ அதைப் பொறுத்தே இரண்டாவது எளிதாகவோ கடினமாகவோ அமையும். எளிய கூறு வந்தவர் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. ஆகவே தொடக்கத்தில் அவசரம் ஆகாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் விடாமல் குறித்துவிட வேண்டும்.

"பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது."

உண்மைதான். ப்ளூபுக்கில் முழுநீள மாதிரித் தேர்வுகளும் கான் அகாடமியில் பாடங்களும் உள்ளன. ஆனால் தேர்வுக்குமேல் தேர்வு எழுதித் தள்ளுவது பயிற்சி ஆகாது. நேரம் வைத்து ஒன்று எழுதிய பிறகு, தவறிய ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தோமா, நேரம் போதவில்லையா என்று பிரித்து எழுத வேண்டும். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

"மதிப்பெண் கல்லூரிகளுக்கு அனுப்பப்படாது."

சேர்க்கைக்குப் பார்ப்பது எஸ்.ஏ.டி.யைத்தான். குறைந்துவிடுமோ என்று தயங்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தாராளமாகப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.