சுவர்த் தாங்கி (தொலைக்காட்சி)

சுவர்த் தாங்கி என்பது தட்டைத்திரைத் தொலைக்காட்சியைச் சுவரில் பொருத்த உதவும் உலோகச் சட்டகம். பேச்சுவழக்கில் ‘வால் மவுண்ட்’. அசையாதது, மேல்கீழாகச் சாய்வது, கை நீட்டித் திரும்புவது என மூவகைப்படும். மூன்றாவதில் கை நீள நீள மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை கூடுவதால், தொலைக்காட்சியின் எடையை மட்டும் பார்த்து அதைத் தேர்வது போதாது.

திரையின் பின்புறத் துளைகளின் இடைவெளியை வெசா என்னும் மின்னணுத்துறை அமைப்பின் தரநிலை வரையறுக்கிறது. 75×75, 100×100 மி.மீ. அளவுகள் சிறு திரைகளுக்கானவை. இவற்றுக்கு எம்4 திருகு. பெரிய திரைகளில் 200, 400 மி.மீ. இடைவெளிகளும் எம்6, எம்8 திருகுகளும் வழக்கம். தேவைக்கு மேல் நீண்ட திருகு உட்பாகங்களைச் சேதப்படுத்தும்.

உறுதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சுவரே. கான்கிரீட், செங்கல் சுவர்களில் ஹேமர் டிரில்லால் துளையிட்டு ஆங்கர் போல்ட் அல்லது பிளக் செருகுவர். பிடிப்பு செங்கல்லில் அமைய வேண்டும். பூச்சில் மட்டும் நிற்பது நாளடைவில் தளரும். எடை குறைந்த ஏஏசி கற்களுக்குத் தனி ஆங்கர்கள் உண்டு. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர்களில், பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிற்கும் மரச்சட்டங்களிலேயே திருகுவர்.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் மறைவு மின்கம்பிகள் செல்லக்கூடும் என்பதால் அங்கே துளையிடுவதில்லை. மட்டம் பார்க்க ரசமட்டம் பயன்படும். அமர்ந்து பார்ப்பவரின் கண்மட்டத்தில் திரையின் மையம் அமைவது பொதுப் பரிந்துரை. நடைமுறையில் பலரும் அதைவிட உயரத்திலேயே மாட்டுகின்றனர்.

ஆழமான படக்குழாய்ப் பெட்டிகள் பெரும்பாலும் மேசையிலேயே நின்றன. 1990களின் இறுதியில் பிளாஸ்மா திரைகள் விற்பனைக்கு வந்தபின் வீடுகளில் இத்தாங்கி பரவலாயிற்று.