'உடம்பு சூடு'னு தள்ளிப்போடாதீங்க.. பெண்ணுறுப்பு வறட்சி ஏன் வருகிறது? சரிசெய்வது எப்படி?

மெனோபாஸ் நேரத்தில் திடீரென உடல் தகிப்பது, ராத்திரியில் வியர்த்துக் கொட்டுவது எல்லாம் பெரும்பாலான பெண்களுக்குச் சில ஆண்டுகளில் தானாகக் குறைந்துவிடும். ஆனால், அதே சமயத்தில் தொடங்கும் பெண்ணுறுப்பு வறட்சி அப்படிப் போய்விடாது. கண்டுகொள்ளாமல் விட்டால் வருஷம் போகப்போக அதிகமாகும். எரிச்சல், அரிப்பு, தாம்பத்தியத்தின்போது வலி, உட்கார்ந்தால்கூட உறுத்தல் என்று அவதிப்படும் பலரும் 'உடம்பு சூடு', 'வயசானா அப்படித்தான்' என்று சமாளித்துக்கொண்டு டாக்டரிடம் போவதே இல்லை. உண்மையில் இது சிகிச்சையால் நன்றாகக் குறையக்கூடிய பிரச்னை.

ஏன் வருகிறது?

பெண்ணுறுப்பின் உட்சுவர் தடிமனாகவும் ஈரப்பதத்தோடும் இருப்பதற்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் லேசான அமிலத்தன்மையை உண்டாக்கி, கெட்ட கிருமிகளைத் தடுக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சுவர் மெலிகிறது, ஈரம் குறைகிறது, அமிலத்தன்மையும் குறைகிறது. சிறுநீர்ப் பாதைக்கும் இதே ஹார்மோன் தேவை. அதனால்தான் வறட்சி உள்ளவர்களுக்கு அடிக்கடி யூரின் வருவது, திரும்பத் திரும்ப யூரின் இன்ஃபெக்‌ஷன் ஆவது போன்ற தொல்லைகளும் சேர்ந்துகொள்கின்றன.

50 வயசுக்கு மேல்தான் வருமா?

இல்லை. இளம் பெண்களுக்கும் வரலாம்.

* பாலூட்டும் தாய்மார்கள்: இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும். பாலூட்டுவது குறைந்து, மாதவிடாய் திரும்பியதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.
* ஆபரேஷனில் இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டவர்கள்: இவர்களுக்கு மெனோபாஸ் ஒரே நாளில் வந்ததுபோலத்தான்.
* மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை, கீமோதெரபி எடுப்பவர்கள்.
* சளி, அலர்ஜிக்கான சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகளைச் சாப்பிடுபவர்கள்.
* கண், வாய் எல்லாம் சேர்ந்து வறண்டுபோகும் ஷோக்ரன் நோய் உள்ளவர்கள்.

பலரும் செய்யும் தவறு

அரிப்பு, எரிச்சல் என்றதும் 'இன்ஃபெக்‌ஷன்' என்று முடிவு செய்து, சோப்பு, கிருமிநாசினி போட்டு உள்ளே வரை கழுவுகிறார்கள். இது இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் எடுத்துவிடும். வெளிப்பகுதியை மட்டும் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் பூஞ்சை க்ரீமால் ஹார்மோன் குறைவு சரியாகாது. நிறைய தண்ணீர் குடிப்பது உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இந்த வறட்சிக்கு அது மருந்து அல்ல.

என்ன செய்யலாம்?

லூப்ரிகண்ட்: தாம்பத்தியத்தின்போது உராய்வையும் வலியையும் குறைக்கும். வாசனை சேர்க்காத, தண்ணீர் அடிப்படையிலான ஜெல் நல்லது. தேங்காய் எண்ணெய் போன்றவை லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிவிடும் என்பதால், ஆணுறை பயன்படுத்துபவர்கள் தவிர்க்க வேண்டும்.

மாய்ஸ்சரைசர்: இது அன்றாட வறட்சிக்கானது. பெண்ணுறுப்புக்கென்றே தயாரிக்கப்பட்டதை வாரத்துக்கு 2, 3 முறை பயன்படுத்தலாம். முகத்துக்குப் போடும் க்ரீம் கூடாது.

ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அல்லது உள்ளே வைக்கும் மாத்திரை: டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே. வழக்கமாக முதல் 2 வாரம் தினமும், பிறகு வாரம் 2 முறை. குறைந்த அளவு மருந்தில் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், நிறுத்தினால் வறட்சி திரும்பலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

'லேசர் செய்தால் சரியாகிவிடும்' என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இதற்கான லேசர் கருவிகளின் பாதுகாப்பும் பலனும் உறுதியாகவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

கணவர்கள் கவனத்துக்கு..

வலிக்குப் பயந்து மனைவி விலகுவதை 'விருப்பம் இல்லை' என்று எடுத்துக்கொள்வது பல வீடுகளில் சண்டையாகிறது. மனசில் ஆசை இருந்தாலும் ஹார்மோன் குறைந்தால் உடம்பு வறண்டுதான் இருக்கும். அவசரப்படுத்தாமல் இருப்பதும், டாக்டரிடம் கூடவே போவதும் பெரிய உதவி.

எப்போது தாமதிக்கவே கூடாது?

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வறட்சியால்கூட ரத்தம் வரலாம். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதி செய்வது அவசியம். புண், வெள்ளைத் திட்டு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அரிப்பு விடாமல் இருந்தால் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சமா? "கீழ வறண்டு எரியுது, சேரும்போது வலிக்குது". இந்த ஒரு வரி போதும். மிச்சத்தை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.