பொன்மாற்றுக் கணக்கும் ஜான் வாரனும்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலரைக் குறிப்பிடத் தவறுவதில்லை. மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளக்கச் சென்ற அவர், 1802இல் மாரிக்குப்பம் பகுதியில் ஊரார் மண்ணைக் கழுவிப் பொன் எடுத்ததைக் கண்டு எழுதினார். கோரமண்டல், உரிகம் முதலிய குடியிருப்புகள் பின்னாளில் எழுந்த கதை அங்கிருந்தே தொடங்கப்பெறுகிறது. அதே வாரன் தமிழர் கணக்கு முறைக்கும் சான்று விட்டுச் சென்றுள்ளார் என்பது அத்துணை கவனிக்கப்படவில்லை.

1825இல் சென்னையில் வெளிவந்த அவருடைய ‘காலசங்கலிதம்’, புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்த முறையை விவரிக்கிறது. தரையில் சோழிகள்; நெஞ்சில் வாய்பாடுகள்; வேறு கருவி இல்லை. கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடமே; முடிவில் 52 நிமிடம். அக்கணிதர் கோட்பாடு அறியாதவர், நினைவாற்றல் மிக்கவர் என்பது வாரனின் மதிப்பீடு. இம்மதிப்பீட்டைத் தமிழ்க் கணக்கு முழுமைக்கும் பொருத்திப் பார்த்தல் தகுமா என்பதே இங்கு வினா.

காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், நெல் முதலியவற்றோடு பொன்னையும் தனி வகையாகக் கொள்கிறது. பொற்கணக்கு ஒன்றை இவ்வாறு அமைத்துக் காட்டலாம்: 9 மாற்றுப் பொன் 4 கழஞ்சு, 6 மாற்றுப் பொன் 8 கழஞ்சு, இரண்டையும் உருக்கிச் சேர்த்தால் மாற்று என்ன? மாற்றையும் எடையையும் பெருக்க 36, 48, கூட்ட 84. மொத்த எடையாகிய 12க்கு ஈய, மாற்று 7.

இதுவரை மனப்பாடமே போதும். உருக்கியதைப் புடமிட, மாசு நீங்கி எடை பத்தரைக் கழஞ்சாகக் குறைந்தது என்க. இப்போது மாற்று என்ன? 84ஐத் தொடலாகாது; வகுக்கும் எண்ணை மட்டும் பத்தரையாக்க வேண்டும்; விடை 8. நெருப்பில் போனது மாசேயன்றிப் பொன்னன்று என்னும் அறிவு அந்த ஒரு படியில் அடங்கியுள்ளது. அதனை அறியாதவன் 7 மாற்றைப் பத்தரையால் பெருக்கிப் பொன்னையே குறைத்துவிடுவான். பாஸ்கரரின் லீலாவதியிலும் (1150) பொற்கணக்கு இதே நெறியில் செல்கிறது.

ஏட்டில் எழுதிய கணக்கில் ஒவ்வொரு படியும் நிற்கும். சோழிக் கணக்கிலோ, சோழியை நகர்த்தியதும் முந்தைய எண் மறைந்துவிடும். வாரன் தரையில் கண்டவை படிகளின் பயன்களே. காரணம் கணிதரிடம் இருந்திருப்பினும் அது தரையில் தெரிந்திராது.